ஆசிரியர் புதுக் கருவியை எப்போது கையில் எடுக்கிறார்? தமிழ்ப்பள்ளிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில், செபராங் பிறைப் பக்கம், தமிழ்ப்பள்ளிகளில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்திருக்கிறேன். அதில் பாதிக் காலம் வகுப்பாசிரியர் வேலையோடு கணினி ஒருங்கிணைப்பாளர் பொறுப்பும் என்னிடம் இருந்தது. புரொஜெக்டர் எரியவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து புதுச் செயலி வந்திருக்கிறது, எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றாலும் என்னைத்தான். ஆசிரியர் அறையிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

ஓர் ஆசிரியர் புதிய தொழில்நுட்பத்தை விரும்பி எடுத்துக்கொள்வது எதனால்?

தன் வேலையில் தினமும் படும் ஒரு சிரமம் அதனால் குறைகிறது என்பதை அவரே கண்ணால் பார்த்தால் எடுத்துக்கொள்வார். மேடையில் "21ஆம் நூற்றாண்டுக் கற்றல்" என்று பேசியதைக் கேட்டு மனம் மாறிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். என்னோடு வேலை செய்த மூன்றாம் ஆண்டு (மூன்றாம் வகுப்பு) கணித ஆசிரியை ஒருவர் இணையத்தில் பயிற்சி என்றாலே ஒதுங்கிவிடுவார். "கேள்வியைத் தட்டிக்கிட்டு இருக்கிற நேரத்துல பத்து நோட்டுப் புத்தகம் திருத்திடுவேன்" என்பார். கணக்குப்படி அவர் சொன்னது சரிதான். ஒருநாள் நானே பத்துக் கேள்விகளைக் கூகள் படிவத்தில் போட்டு, கணினி அறையில் அவர் வகுப்புக்குக் கொடுத்தேன். 26 பிள்ளைகள். முடித்ததும் பதில்கள் திரையில் பட்டை பட்டையாக வந்து நின்றன. ஆறாவது கேள்வி, 403இல் 178 போனால் மீதி எவ்வளவு என்பது. 225 வர வேண்டும். 11 பிள்ளைகள் 375 என்று போட்டிருந்தார்கள்.

ஆசிரியை எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஒன்றின் இடத்தில் 8இலிருந்து 3ஐ எடுத்து 5. பத்தின் இடத்தில் 7இலிருந்து 0ஐ எடுத்து 7. நூறில் 3. மேலே சின்ன எண் இருந்த இடத்தில் எல்லாம் கடன் வாங்காமல் தலைகீழாகக் கழித்திருக்கிறார்கள். நோட்டுப் புத்தகம் திருத்தும்போதும் இதே தவறு அவர் கண்ணில் பட்டிருக்கும். ஆனால் ஒவ்வொன்றாக, இரவு பத்து மணிக்கு, 26 புத்தகங்களுக்கு நடுவே. 11 பேர் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கிறார்கள் என்பது அப்படித் தெரிய வராது.

மறுநாள் அவர் வகுப்புக்குக் கொண்டுபோனது ஐஸ்கிரீம் குச்சிகள். நூறாகவும் பத்தாகவும் ரப்பர் போட்டுக் கட்டி, ஒரு கட்டை அவிழ்த்துக் கடன் வாங்கிக் காட்டினார். அந்த வாரக் கடைசியில் என்னிடம் வந்து, "அந்தப் படிவத்தை எப்படிப் போடுறதுன்னு எனக்கும் சொல்லிக் கொடுங்க ஆசிரியர்" என்றார். நான் அதுவரை கொடுத்த எந்தப் பயிற்சியும் செய்யாததை அந்த 375 செய்துவிட்டது.

ஆய்வுகள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன?

1989இல் அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் வெளியிட்ட ஒரு மாதிரியைத்தான் இந்தத் துறையில் அதிகம் சொல்வார்கள். ஒரு கருவியைப் பார்க்கும் மனிதர் இரண்டு கேள்விகளை எடைபோடுகிறார்: இது என் வேலைக்குப் பயன்படுமா, இதைப் பழகுவது எளிதா. இரண்டில் பயன்தான் வலுவாக நிற்கிறது என்று அவர் கண்டார். பயன் இருந்தால் கொஞ்சம் சிரமப்பட்டாவது கற்றுக்கொள்வார்கள். பயனே இல்லாதது எவ்வளவு எளிதாக இருந்தாலும் தொடமாட்டார்கள்.

2003இல் விஸ்வநாத் வெங்கடேஷ், டேவிஸ் உள்ளிட்ட நால்வர் இதோடு இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள். ஒன்று, சுற்றியிருப்பவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது. மற்றது, கருவி ஓடுவதற்கான வசதியும் உதவியும் இருக்கின்றனவா என்பது.

டேவிஸ் சொன்னதைப் பள்ளிக்குப் பொருத்தும்போது நான் ஒரு திருத்தம் போடுவேன். அலுவலகத்தில் ஒரு மென்பொருள் பத்து நிமிடம் மக்கர் பண்ணினால், அந்த ஊழியர் எழுந்துபோய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம். ஆசிரியர் முன்னால் 30 பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவன் இன்னொருவனின் பென்சிலைப் பிடுங்குவான், ஒருத்தி கழிவறைக்குப் போக வேண்டும் என்பாள், பின்வரிசை மொத்தமும் ஜன்னல் பக்கம் போய்விடும். ஆகவே "எளிதா?" என்ற கேள்வி ஆசிரியருக்கு "பிள்ளைகள் முன்னால் இது என்னைக் கைவிடுமா?" என்ற கேள்வியாகத்தான் வருகிறது. ஒருமுறை கைவிட்ட கருவியை மறுபடி நம்ப ஓராண்டு பிடிக்கும்.

கணினி அறை இருக்கிறதே, அப்புறம் என்ன சிரமம்?

நேரம்தான் சிரமம். ஒரு பாடவேளை 30 நிமிடம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கூட்டிப்போக, வாசலில் காலணியைக் கழற்றவைக்க, கணினிகளைத் திறக்க, கடவுச்சொல்லை மறந்த ஐந்து பேருக்குத் தேடிக் கொடுக்க என்று பாதி நேரம் போய்விடும். திரும்பி வரவும் நேரம் வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட கடவுச்சொல்லைத் தவறில்லாமல் தட்டுவது சின்ன வேலை இல்லை. என் பள்ளி ஒன்றில் முதலாம் ஆண்டு ஆசிரியை ஒவ்வொருவருடைய கடவுச்சொல்லையும் பெரிய எழுத்தில் அச்சடித்து, அட்டையில் ஒட்டி, கழுத்தில் மாட்டிவிட்டார். அதைச் செய்த மாதத்திலிருந்துதான் அந்த வகுப்பு கணினி அறையை ஒழுங்காகப் பயன்படுத்தத் தொடங்கியது. பாதுகாப்புக்காக அட்டைகளைப் பாடம் முடிந்ததும் வாங்கித் தன் மேசை அறையில் பூட்டிவைப்பார்.

மூத்த ஆசிரியர்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்கிறார்களே?

இந்தப் பேச்சு எனக்குக் கோபத்தையே தருகிறது. அவர்கள் எத்தனை மாற்றங்களைக் கடந்து வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 1972இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 1999இல் கணினி வழிக் கற்றலுக்கான பெஸ்தாரி பள்ளித் திட்டம் முன்னோட்டமாகத் தொடங்கியது. 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கச் சொன்னார்கள். அதற்காக மடிக்கணினியும் புரொஜெக்டரும் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அந்தக் கொள்கை மீட்டுக்கொள்ளப்பட்டது. 2011இல் பள்ளிகளுக்கு இணைய வசதி தரும் ஒன் பெஸ்தாரிநெட் திட்டமும் அதோடு ஒரு மெய்நிகர் கற்றல் தளமும் வந்தன. 2019இல் அது முடிந்து கூகள் வகுப்பறை. 2020இல் கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளம். ஒவ்வொரு முறையும் பழைய தளத்தில் ஏற்றி வைத்திருந்த பாடங்களை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. ஒருவர் முப்பது ஆண்டுகளில் இத்தனையைப் பார்த்துவிட்டு, "இது எத்தனை நாளைக்கு?" என்று கேட்டால், அதைப் பயம் என்று சொல்லக்கூடாது. அவர் கேட்பது நியாயமான கேள்வி.

அதோடு, அவர்கள் தங்கள் திறமைக்கு ஏற்ற கருவி கிடைத்தால் இளையவர்களை விட நன்றாகப் பயன்படுத்துவார்கள். ஓய்வுபெற இரண்டு மூன்று ஆண்டுகளே இருந்த ஒரு தமிழ் ஆசிரியை எங்கள் பள்ளியில் இருந்தார். கரும்பலகையில் அவர் எழுதினால் அச்சு போல இருக்கும். "எனக்கு இதெல்லாம் வேண்டாம்லா, சுண்ணாம்புக் கட்டி போதும்" என்றுதான் என்னிடம் சொன்னார். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ழகரம் எழுதச் சொல்லிக் கொடுப்பதில்தான் அவருக்கு ஒரு குறை இருந்தது. பலகையில் எழுதும்போது அவர் தோளும் முதுகும் மறைக்கும். எழுத்து முடிந்த பிறகுதான் பிள்ளைகளுக்குத் தெரியும், அது எங்கே தொடங்கி எப்படிச் சுழித்தது என்று தெரியாது. நான் ஒரு பழைய கைத்தொலைபேசியை மேசை விளக்கின் கழுத்தில் கட்டி, கேமராவைத் தாளைப் பார்த்துக் கவிழ்த்து, புரொஜெக்டரோடு இணைத்துக் கொடுத்தேன். அவர் தாளில் மெதுவாக எழுத, சுவரில் அவருடைய விரலும் பேனா முனையும் ஆளுயரத்துக்குத் தெரிந்தன. கீழே வரும் சுழி, வால் திரும்பும் இடம் எல்லாம் பிள்ளைகள் வாயைத் திறந்து பார்த்தார்கள். காற்றில் விரலால் கூடவே எழுதினார்கள்.

அந்த விளக்கை ஓய்வுபெறும் நாள்வரை அவர் யாருக்கும் இரவல் கொடுக்கவில்லை. எவரெட் ரோஜர்ஸ் 1962இல் புதுமைகள் எப்படிப் பரவுகின்றன என்று எழுதியபோது ஐந்து தன்மைகளைச் சொன்னார். அதில் ஒன்று, ஏற்கெனவே உள்ள பழக்கத்தோடும் மதிப்போடும் பொருந்திப்போவது. அந்த ஆசிரியை தன் கையெழுத்தை விடவில்லை. அதைப் பெரிதாக்கிக் கொடுத்தது கருவி.

அப்படியானால் இளம் ஆசிரியர்களுக்கு இது தானாக வந்துவிடுமா?

வராது. கருவியைக் கையாளத் தெரிவது வேறு, அதை வைத்துப் பின்னம் சொல்லிக்கொடுக்கத் தெரிவது வேறு. 2006இல் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் இதைத்தான் விளக்கினார்கள்: பாடம் பற்றிய அறிவு, கற்பிக்கும் முறை பற்றிய அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் நல்ல பாடம் பிறக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு மூன்றாவது இருக்கும். முதல் இரண்டும் பழுக்க நாளாகும். அதனால்தான் நான் இளையவரையும் மூத்தவரையும் ஒரு மேசையில் உட்காரவைப்பேன். இருவருக்கும் கொடுக்க ஒன்று இருக்கும், வாங்க ஒன்று இருக்கும்.

பயிற்சிக்குப் போய் வந்தும் ஏன் பயன்படுத்துவதில்லை?

சனிக்கிழமை காலை, ஒரு மண்டபம், 80 பேர், முன்னால் ஒருவர் வேகமாகச் சொடுக்கிக்கொண்டே போகிறார். இணையம் அத்தனை பேரையும் தாங்காது. பாதிப் பேர் பதிவு செய்யும் பக்கத்திலேயே நிற்கும்போது பேச்சாளர் ஐந்தாவது படிக்குப் போயிருப்பார். திங்கட்கிழமை வகுப்பில் அது நினைவில் இருக்காது.

நான் பார்த்தவரை, கருவிகள் ஒரு வகுப்பிலிருந்து பக்கத்து வகுப்புக்குத்தான் பரவுகின்றன. காண்டீனில் பசியாறும்போது ஒருவர் தன் கைத்தொலைபேசியைக் காட்டி, "இங்க பாருங்க அக்கா, நேத்து என் பிள்ளைங்க இப்படிச் செஞ்சாங்க" என்பார். பார்ப்பவருக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரியும். அதே நான்காம் ஆண்டு, அதே குறும்புக்காரன், அதே மெதுவாகப் படிக்கும் பெண். அவர்களாலேயே முடிந்திருக்கிறது என்றால் தன் வகுப்பாலும் முடியும் என்று மனம் ஒப்புக்கொள்ளும். ரோஜர்ஸ் சொன்ன ஐந்தில் இன்னும் இரண்டு இதுதான்: சின்னதாக முயன்று பார்க்க முடிய வேண்டும், பலன் அடுத்தவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அதனால் நான் பயிற்சியை விட்டுவிட்டு, ஒரு பாடவேளை யாராவது ஒருவர் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்க ஏற்பாடு செய்தேன். பார்க்கப் போகும் ஆசிரியரின் வகுப்பை அந்த நேரம் நான் பார்த்துக்கொள்வேன். பணம் செலவில்லை. தலைமையாசிரியர் அட்டவணையில் கொஞ்சம் இடம் கொடுத்தால் போதும்.

கட்டாயமாக்கினால் எல்லோரும் பயன்படுத்திவிட மாட்டார்களா?

உள்நுழைவார்கள். கட்டாயம் அதைக் கொண்டுவரும். மெய்நிகர் கற்றல் தளம் நாடு முழுவதும் பள்ளிகளுக்குக் கொடுக்கப்பட்ட பிறகும் அதன் பயன்பாடு மிகக் குறைவாக இருந்ததை, தலைமைக் கணக்காய்வாளரின் 2013ஆம் ஆண்டுக்கான அறிக்கையே சுட்டிக்காட்டியது. அமெரிக்காவிலும் இந்தக் கதைதான். சிலிக்கன் பள்ளத்தாக்கில், கணினி நிறுவனங்களுக்கு நடுவே இருந்த பள்ளிகளிலேயே, வகுப்பறைக் கணினிகள் எவ்வளவு குறைவாகப் பயன்பட்டன என்பதைக் கல்வி வரலாற்றாளர் லேரி கியூபன் 2001இல் பதிவு செய்தார்.

மேலே சொன்ன வெங்கடேஷ் குழுவின் ஆய்விலும், மேலிடத்து எதிர்பார்ப்பு கட்டாயச் சூழலில் தொடக்கத்தில் வேலை செய்கிறது, அனுபவம் கூடக் கூட அதன் பிடி தளர்கிறது என்றுதான் வந்தது. நான் பணியாற்றிய ஓரிடத்தில், வாரத்துக்கு இத்தனை முறை உள்நுழைந்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கை கேட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்து உள்ளே போய் வெளியே வந்தார்கள். எண்ணிக்கை நிறைந்தது. அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் எல்லோரும் ஒரே வாரத்தில் மாறினார்களே. அப்புறம் ஏன் பலர் பழையபடி ஆகிவிட்டார்கள்?

கொரோனா பரவலால் 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது வேறு வழி இருக்கவில்லை. வேறு வழி இல்லாமல் எடுத்தது, வழி திறந்ததும் கையை விட்டுப் போகும். அது இயல்பு. அதை வைத்து "ஆசிரியர்கள் பின்வாங்கிவிட்டார்கள்" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எது போனது, எது தங்கியது என்று பார்த்தால் பல விஷயம் புரியும்.

போனது நேரலை வகுப்பு. பிறை தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பெற்றோர் பலர் எங்களுக்கு உண்டு. வீட்டில் ஒரே கைத்தொலைபேசி, அது அப்பாவோடு தொழிற்சாலைக்குப் போய்விடும். அண்ணன், தங்கை, தம்பி மூவருக்கும் அது இரவு எட்டு மணிக்குத்தான் கிடைக்கும். காலை ஒன்பது மணிக்கு இயங்கலையில் வா என்றால் எப்படி வருவார்கள்? வறிய குடும்பத்து மாணவர்களுக்கு 1,50,000 மடிக்கணினிகள் கொடுக்கும் செர்டிக் திட்டம் வந்தது, 2021 பிப்ரவரியில் டிடிக் டிவி என்ற கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பு வந்தது. எல்லா வீட்டுக்கும் எட்டவில்லை.

தங்கியது குரல் பதிவு. புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு பத்தியை வாசித்து அனுப்பச் சொன்னோம். எந்த நேரமும் அனுப்பலாம், இணையமும் அதிகம் வேண்டாம். இரவு ஒன்பதரை மணிக்கு எனக்கு ஒரு பதிவு வந்தது. வகுப்பில் வாசிக்கச் சொன்னால் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொள்ளும் ஒரு பையன். நாற்பது விநாடி. பின்னால் மின்விசிறிச் சத்தம், எங்கோ பாத்திரம் உருளும் சத்தம். "மழை" என்ற சொல்லில் நின்றான், "மலை" என்றான், தானே திருத்தி "மழை" என்றான், தொடர்ந்து வாசித்தான். வகுப்பில் அவன் அப்படி நின்று திருத்தியதே இல்லை. யாராவது சிரித்துவிடுவார்கள். வீட்டில் சிரிக்க யாரும் இல்லை. அந்தப் பதிவை நான் மூன்று முறை கேட்டேன்.

பள்ளி திறந்த பிறகும் எங்கள் பள்ளியில் தமிழ் ஆசிரியர்கள் பலர் வாரம் ஒரு வாசிப்புப் பதிவு வாங்குவதை நிறுத்தவில்லை. யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை.

தமிழ் ஆசிரியர்களுக்கு மட்டும் தனியாக ஏதாவது தடை உண்டா?

உண்டு. வெளியில் இருந்து ஆய்வு செய்பவர்கள் கவனிக்காத தடை அது. எழுத்துரு.

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு தேர்வுத் தாளைத் தட்டச்சு செய்து பள்ளிக்குக் கொண்டுவந்தால், அங்கே அந்த எழுத்துரு இருக்காது. திறந்து பார்த்தால் புள்ளியும் கோடுமாகப் புரியாத குறிகள் நிறைந்திருக்கும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு குறியீட்டு முறை. ஆங்கில ஆசிரியருக்கும் மலாய் ஆசிரியருக்கும் இந்தக் கஷ்டமே தெரியாது. அந்தக் காலத்தில் பல தமிழ் ஆசிரியர்கள் கையால் எழுதி நகலெடுத்ததைச் சோம்பல் என்று சொன்னவர்கள் உண்டு. கையெழுத்து எந்தக் கணினியிலும் மாறிப்போகாது என்பதுதான் அதற்குக் காரணம்.

இந்தத் தடையை உடைத்ததில் மலேசியாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் தொடங்கிய முரசு என்ற தமிழ் மென்பொருள் இங்கேதான் பிறந்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. 2005இல் செல்லினம் என்ற செயலி கைத்தொலைபேசிக்குத் தமிழைக் கொண்டுவந்தது. 2013இல் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை வந்தது, 2017இல் கூகள் தமிழில் குரல்வழித் தட்டச்சைச் சேர்த்தது. எங்கள் ஆசிரியர் அறையில் கருவிகளின் பயன்பாடு கூடிய ஆண்டுகளைப் பார்த்தால், பயிற்சி நடந்த ஆண்டுகளோடு பொருந்தாது. தமிழ் எளிதாக விரலுக்கு வந்த ஆண்டுகளோடு பொருந்தும்.

இன்னும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. சொல் விளையாட்டு உருவாக்கித் தரும் தளங்கள் பல, தமிழ் எழுத்தை எழுத்தாகப் பார்ப்பதில்லை. "கோழி" என்று கொடுத்தால் க, ஓகாரக் குறி, ழ, இகரக் குறி என்று நான்கு கட்டமாக உடைத்துப் பிள்ளை முன்னால் போடும். இரண்டு எழுத்து என்று காலையில் சொல்லிக்கொடுத்துவிட்டு, திரையில் நான்கு கட்டத்தைக் காட்ட எந்தத் தமிழ் ஆசிரியருக்கு மனம் வரும்? அவர் அந்தத் தளத்தை ஒதுக்கினால், மொழியைக் காப்பாற்றத்தான் ஒதுக்குகிறார்.

திரை பார்த்தால் கண் கெடும், கவனம் போகும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அது தவறா?

இல்லை. யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கையே, தொழில்நுட்பத்தைக் கற்றலுக்குப் பயன் உள்ள இடத்தில் மட்டும், ஆசிரியருக்குப் பதிலாக இல்லாமல் துணையாக வைக்கச் சொன்னது. பெற்றோரிடம் நான் சொல்வது: எத்தனை நிமிடம், எதற்காக என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் நம்பலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கஹூட் போன்ற இணையப் புதிர்ப் போட்டிகளில் முதல் ஐந்து பெயர் திரையில் வரும். பல வகுப்பில் எப்போதும் அதே ஐந்து பெயர்தான். கடைசியில் இருக்கும் பிள்ளை நான்காவது கேள்விக்கு மேல் படிக்காமலே ஏதோ ஒரு நிறத்தை அழுத்திவிடும். குழுவாக ஆடவைக்கலாம், நேரக் கணக்கைத் தளர்த்தலாம். அதைச் செய்யத் தெரிந்த ஆசிரியரிடம் அதே கருவி நல்ல கருவி.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கொஞ்சம் பணம் இருக்கிறது. எதை வாங்கித் தரலாம்?

பெரிய தொடுதிரைப் பலகை வேண்டாம், முதலில் அது வேண்டாம். திறப்பு விழாவில் படம் நன்றாக வரும். அதற்குப் பிறகு ஓர் அறையில் பூட்டிக் கிடக்கும், பயன்படுத்த முன்பதிவு செய்ய வேண்டும்.

ஆசிரியர்களைக் கேட்டால் சின்னச் சின்னப் பொருட்களைச் சொல்வார்கள். பின்சுவர்வரை எட்டும் நீளமான இணைப்புக் கம்பி (கேபிள்). மடிக்கணினிக்கும் புரொஜெக்டருக்கும் பொருந்தும் இணைப்பான். ஜன்னலுக்குத் திரைச்சீலை, ஏனென்றால் காலை வெயிலில் சுவரில் எதுவும் தெரியாது. ஓர் ஒலிபெருக்கி. ஒவ்வொரு வகுப்பிலும் ஆடாத மின்செருகி. 1999இல் பெகி எர்ட்மர் என்ற கல்வி ஆய்வாளர், ஆசிரியர்களைத் தடுப்பவற்றை வெளியிலிருந்து வரும் தடை, உள்ளேயிருந்து வரும் தடை என்று இரண்டாகப் பிரித்தார். கருவி, நேரம், உதவி இல்லாதது வெளித்தடை. நம்பிக்கையும் கற்பித்தல் பற்றிய எண்ணமும் உட்தடை. உட்தடையைப் பற்றித்தான் நாம் கூட்டங்களில் அதிகம் பேசுகிறோம். ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள ஒரு கம்பி இல்லாததால் நின்றுபோன பாடங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நகரத்தில் பல நூறு மாணவர்கள் உள்ள பள்ளியும் உண்டு, தோட்டப்புறத்தில் மிகச் சில பிள்ளைகளே படிக்கும் பள்ளியும் உண்டு. சிறிய பள்ளியில் ஓர் ஆசிரியரே நான்கு பொறுப்புகளைச் சுமப்பார். அங்கே பணத்தை விட ஓர் ஆளின் நேரம் பெரிது. கணினி தெரிந்த ஒரு பெற்றோர் மாதம் ஒரு சனிக்கிழமை வந்து எல்லாக் கணினிகளையும் பார்த்துவிட்டுப் போனால், அந்தப் பள்ளிக்கு அது பெரிய உதவி.

செயற்கை நுண்ணறிவை ஆசிரியர்கள் இவ்வளவு வேகமாக எடுத்துக்கொண்டது ஏன்?

யாரும் சொல்லாமலே எடுத்தார்கள். சேட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வந்தது. பாட நேரத்துக்குள் அது வரவில்லை, நாள் பாடத்திட்டம் எழுதும் இரவு நேரத்துக்குள் வந்தது. பிள்ளைகள் முன்னால் கைவிடும் அபாயம் இல்லை, பலன் உடனே தெரிகிறது. டேவிஸின் இரண்டு கேள்விகளுக்கும் "ஆம்" என்று பதில்.

தமிழில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அச்சடிக்காதீர்கள். நான் கேட்டபோது கணக்கில் வெள்ளிக்குப் பதில் ரூபாய் வந்தது, "ஆண்டு 5" என்பதற்குப் பதில் "ஐந்தாம் வகுப்பு" வந்தது, லகர ளகரம் மாறி வந்தது. அதைத் திருத்தும் ஆசிரியருக்குத்தான் அது உதவும்.

ஓர் ஆசிரியர் எதுவுமே வேண்டாம் என்றால்?

விட்டுவிடுங்கள். அவர் வகுப்பில் போய் உட்கார்ந்து ஒரு பாடம் பாருங்கள். பிள்ளைகள் கற்றுக்கொண்டிருந்தால் உங்களுக்கு என்ன குறை?

நாளைக்கே தொடங்க வேண்டும் என்றால் எதிலிருந்து தொடங்குவது?

இந்த வாரம் உங்களை அதிகம் களைப்பாக்கிய ஒரு வேலையை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று. திருத்தலா, வாசிப்பைக் கேட்கும் நேரம் போதாததா, பலகையை மறைக்கும் உங்கள் தோளா? அதற்கு மட்டும் ஒரு கருவியைத் தேடி, ஒரு வகுப்பில், நான்கு வாரம் முயன்று பாருங்கள். சரிவரவில்லை என்றால் ஐந்தாவது வாரம் விட்டுவிடுங்கள். சரிவந்தால் பசியாறும் நேரத்தில் பக்கத்தில் உட்காருபவரிடம் காட்டுங்கள். கம்பி இருக்கிறதா என்று மட்டும் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.